மலையேறிய மீன்: மலையகத் தோட்டங்களின் உணவு வரலாற்றில் ஓர் அத்தியாயம்

மீனுணவின் வரலாற்றை எழுதப்புகுவோர் கடற்கரையிலிருந்து தொடங்குவதே வழக்கம். நீர்கொழும்பு, மன்னார், திருகோணமலை, கற்பிட்டி எனத் துறைமுகங்களும் மீன்பிடிக் கிராமங்களுமே அவர்களது கவனத்தைப் பெறுகின்றன. மீன் பிடிபடும் இடத்தைப் போலவே அது உண்ணப்படும் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவிலும், அதற்குச் சற்றுத் தாழ்ந்த ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளிலும் கடலின் வாடையே வீசுவதில்லை. எனினும் இலங்கையின் கடல்மீன் யாருடைய உழைப்பையும் யாருடைய வறுமையையும் தொட்டுச் சென்றது என அறிய விரும்புவோருக்கு இம்மலைகளைப் போன்று தெளிவாகப் பேசும் இடம் வேறில்லை எனலாம்.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பொரித்த மீனும் பொரித்த உருளைக்கிழங்கும் சேர்ந்த உணவு ஆங்கிலேயரின் தேசிய உணவென இன்று கருதப்படுகின்றது. கடற்கரைப் பட்டினங்களுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் நல்ல மீன்பொரியற் கடையைத் தேடி அலைவதை ஒரு சடங்காகவே கொண்டுள்ளனர். ஆயினும் இவ்வுணவைக் கடற்கரைவாசிகள் உருவாக்கினர் எனக் கொள்வது தவறாகும். மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை ஐபீரிய நாடுகளிலிருந்து இடம்பெயர்ந்த யூதரோடு இங்கிலாந்தை அடைந்தது. மீனையும் கிழங்கையும் சேர்த்து விற்ற முதற்கடை எதுவென்பதில் இரு கட்சிகள் உள்ளன. ஏறத்தாழ 1860 இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஜோசப் மாலின் என்ற யூதர் தொடங்கியதே முதலாவதென்பர் ஒரு சாரார். லங்காஷயர்ப் பகுதியின் மொஸ்லி என்னுமிடத்தில் 1863 அளவில் ஜோன் லீஸ் என்பவர் விற்றதே முதலாவதென்பர் மறுசாரார். இவ்வழக்கில் யார் வென்றாலும் ஈண்டு நமக்கு வேண்டிய உண்மை ஒன்றே. இரு கடைகளும் கூலியுழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த இடங்களிலேயே தோன்றின. மொஸ்லி கடலோரமன்று, பஞ்சாலைகள் நிறைந்த உள்நாட்டு ஊர். கிரிம்ஸ்பி போன்ற துறைமுகங்களில் இறங்கிய மீனைப் பனிக்கட்டியில் இட்டுப் புகையிரதம் ஒரே இரவில் உள்நாட்டுக்குக் கொண்டுசென்றது. 1880களிலிருந்து நீராவி இழுவைக் கப்பல்கள் மீனை மேலும் மலிவாக்கின. 1910 அளவில் பிரித்தானியாவில் 25,000க்கும் மேற்பட்ட மீன்பொரியற் கடைகள் இருந்தன. நாள் முழுவதும் ஆலையில் நின்ற பெண் வீடு திரும்பி அடுப்பு மூட்ட வேண்டிய தேவையைக் குறைத்த உணவு இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற்கூட அரசாங்கம் இதனைப் பங்கீட்டுக்கு உட்படுத்தத் துணியவில்லை.

இனி இலங்கைக்கு வருவோம். வியக்கத்தக்க வகையில் இங்கும் அதே ஆண்டுகளிலேயே அதே சாதனங்கள் வந்து சேர்கின்றன. 1866 இல் கொழும்பு ஐஸ் கம்பனி தொடங்கப்பட்டது. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கொந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். புகையிரதப் பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் ஹற்றனையும், 1885 இல் நானு ஓயாவையும் எட்டியது. பாதை பதுளையைச் சென்றடைய 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து ஹற்றனுக்கு இருப்புப் பாதை வழியே ஏறக்குறைய 170 கிலோமீற்றர். கிரிம்ஸ்பியிலிருந்து லங்காஷயரின் ஆலை ஊர்களுக்குள்ள தொலைவும் ஏறத்தாழ இதனோடு ஒப்பிடத்தக்கதே. இங்கும் புகையிரதம் இருந்தது, பனிக்கட்டி இருந்தது, சுற்றிலும் கடல் இருந்தது, மலையில் கூலியுழைப்பாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். அவ்வாறிருந்தும் அங்கு ஆலைத் தொழிலாளியின் கையில் சுடச்சுடப் பச்சை மீன் கிடைத்தது. இங்கு தோட்டத் தொழிலாளியின் பானையில் விழுந்தது கருவாட்டுத் துண்டே. இது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

தூரமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. வெப்ப நாட்டில் மீன் விரைவில் கெடும், மலையேற்றத்தில் வண்டி மெதுவாகச் செல்லும் என்ற நியாயங்களும் முற்றிலும் பொய்யல்ல. ஆனால் அதே புகையிரதத்தில், அதே மலைக்கு, பனிக்கட்டியில் பொதிந்த பச்சை மீன் சென்றுகொண்டுதான் இருந்தது. அது துரைமார் பங்களாக்களுக்கும், நுவரெலியாவின் விடுதிகளுக்கும், 1876 இல் நிறுவப்பெற்ற ஹில் கிளப்புக்கும் சென்றது. பங்களாவின் கடிதங்களைக் கொணரும் தபாற்காரனும், வாரந்தோறும் இறைச்சி முதலிய பண்டங்களைப் பெட்டியிலிட்டுத் தலையிற் சுமந்துவரும் ஆளும் தோட்ட வாழ்க்கையின் நிரந்தரப் பாத்திரங்களாவர். துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இப்பெட்டி தாமதித்து வந்த நாட்கள் பெருந்துயராக வருணிக்கப்படுகின்றன. பெட்டியைச் சுமந்தவன் அன்றிரவு எதனை உண்டான் என்ற குறிப்பு அவற்றில் அரிது.

ஐரோப்பியர் தம் நாட்டு உணவை மலைக்குக் கொணர எடுத்த முயற்சிகள் தனியே நோக்கத்தக்கன. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவெல் பேக்கர், பின்னர் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்ற அதே பேக்கர், இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் தருவித்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முயன்றார். 1855 இல் வெளியான தமது நூலில் அங்கு மேற்கொண்ட பயிர்ச்செய்கையின் வெற்றி தோல்விகளை அவர் விரிவாகக் கூறுகின்றார். உருளைக்கிழங்கு அம்மண்ணில் நன்கு விளைந்தது. அதன் பகைவர்களாகிய புழுக்களும் அங்கு நன்கு விளைந்தன. எவ்வாறாயினும் இரண்டிலொன்று, அதாவது கிழங்கு, மலையிலேயே கிடைக்கலாயிற்று. எஞ்சியது மீன்.

கடல்மீனைக் கொணரும் செலவைக் காட்டிலும் குளிர்நீரில் வாழும் மீனையே வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் துரைமாரிடையே எழுந்தது. 1880களில் பிரித்தானியாவிலிருந்து பழுப்பு ட்றவுட் மீனின் முட்டைகள் பனிக்கட்டியிற் பாதுகாக்கப்பட்டுக் கப்பல் வழியாகக் கொண்டுவரப்பட்டன. நுவரெலியாவில் பொரிப்பகம் அமைந்தது. குஞ்சுகள் ஹோட்டன் சமவெளியிலும் அயலிலும் உள்ள ஓடைகளில் விடப்பட்டன. பழுப்பு ட்றவுட் இம்மலைகளில் தானே இனம்பெருக்கி நிலைக்கவில்லை. பின்னர் கொணரப்பட்ட வானவில் ட்றவுட்டே ஓரளவு நிலைத்தது. இலங்கை மீன்பிடிக் கழகம் என்ற சங்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, ஓடைகளைப் பராமரிப்பதும் தூண்டில் போடுவதற்கு உரிமம் வழங்குவதுமாகிய பணிகளை மேற்கொண்டது. ஏழாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து ஒரு மீனின் முட்டையை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கும் அறிவும் ஊக்கமும் பணமும் அக்காலத்து மலைநாட்டில் இருந்தன என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். கொழும்பிலிருந்து ஒரு பெட்டி சூடைமீனைத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கொணர்வது இதனினும் அரிய காரியமன்று.

தூண்டிலிட்ட துரைமார் பிடித்த மீனை எண்ணிக்கையும் எடையும் குறித்து ஏடுகளிற் பதிந்து வைத்தனர். அவர்களுக்கு அது பசியின் பொருட்டன்று, பொழுதுபோக்கின் பொருட்டேயாகும். மறுபுறத்தில், தோட்டத்து ஓடைகளில் விலாங்கும் சிறுமீனும் நண்டும் பிடித்துண்டல் லயத்துச் சிறுவர்களின் பழைய வழக்கம். ஒரே நீரோடையில் ஒருவனுக்கு விளையாட்டாகவும் மற்றவனுக்குக் கறியாகவும் மீன் அமைந்த நிலையில், உரிமச்சீட்டு யாருக்குப் பாதுகாப்பாயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

லயத்துக்கு வந்த மீனின் வழி வேறு. கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத்தொடங்கிய 1830களிலிருந்து, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட கிராமத்தவர் பாக்குநீரிணையைத் தோணிகளிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியிற் பலி கொண்டோர் தொகை பெரிது. இங்கு உணவு வரலாற்றாசிரியன் கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. இவர்களிற் பெரும்பாலார் கடலோரத்தவர் அல்லர். தம் சொந்தக் கிராமத்திலேயே சந்தைக்கு வரும் கருவாட்டை உண்டு பழகியவர்கள். எனவே இலங்கை மலையிற் கருவாடு அவர்களுக்குப் புதிய உணவாக இருக்கவில்லை. தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிய தவளம் மாடுகளும் மாட்டு வண்டிகளும் அதனையும் ஏற்றின. எடை குறைவு, கெடுவதில்லை, சிறு துண்டும் பெருஞ்சோற்றுக்கு உப்பாகும். தோட்ட முதலாளியின் கணக்குக்கு இதனினும் உகந்த மீன் வேறில்லை.

மாசிக் கருவாட்டைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மாலைதீவில் சூரை மீனை அவித்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்தி மரக்கட்டை போலாக்கும் முறை மிகப் பழையது. அத்தீவு மொழியில் ‘மஸ்’ என்பது மீனைக் குறிக்கும். நமது மாசியும் அதனின்று பிறந்ததே. 1343 அளவில் மாலைதீவை அடைந்த இபின் பதூதா இவ்வுணவையும் அதன் ஏற்றுமதியையும் குறித்துள்ளார். அவரே 1344 இல் இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலையிலும் ஏறினார். மாசியை அறிந்த பிரயாணி ஒருவர் மஸ்கெலியா மலைகளை அண்ணாந்து பார்த்த முதற் சந்தர்ப்பம் அதுதானா என்று கேட்கத் தோன்றுகின்றது. அதற்கு வரலாறு விடை தராது. கொழும்புக் கோட்டைக்கு அப்பாலுள்ள புறக்கோட்டை வணிகரின் கைவழியாக மாசி மலைநகரக் கடைகளை அடைந்தது. கோதுமை ரொட்டியோடு மாசிச் சம்பல் மலையகத்தின் காலையுணவாக நிலைபெற்றது பிற்காலத்திலேயாம்.

கருவாடு எவ்வாறு வீட்டுக்கு வந்தது என்பதில்தான் மலையக வரலாற்றின் மையச் சிக்கல் அடங்கியுள்ளது. தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதி அரிசியாகத் தோட்டத்திலேயே வழங்கப்பட்டு அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. அரிசி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. கறிச்சாமான் தொழிலாளியின் பொறுப்பு. மிளகாய், மல்லி, புளி, உப்பு, கருவாடு ஆகிய யாவும் பெரியங்கங்காணியின் கடையிலோ அவரோடு தொடர்புடைய நகரக் கடையிலோ பற்றெழுதிப் பெறப்பட்டன. கோப்பிக் காலத்திற் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாக வைக்கப்பட்டமையால் கடனின்றிக் கறியில்லை என்ற நிலை தோன்றிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 33 சதம். தேயிலையின் இலாபம் பெருகிய பிறகும் இக்கூலி நெடுங்காலம் அசையவில்லை. கடனாளியான தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின் அவனது கடன் தொகை குறித்த ‘துண்டு’ கைமாறியது. அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. அத்துண்டில் எழுதப்பட்ட தொகைகளில் எத்தனை பங்கு கருவாட்டுக்கும் மிளகாய்க்கும் உரியது என்று கணக்கெடுத்தவர் எவருமில்லை. பயணச்செலவும் முற்பணமும் பற்றி நிறைய எழுதிய ஆய்வாளர்கள் கறிச்சாமான் கடனைப் புறக்கணித்தமை வருந்தத்தக்கதே.

1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. அதன்படி 1929 இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் இவை மீண்டும் குறைக்கப்பட்டன. ஆணைக் காட்டிலும் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற விதி 1984 வரை நீடித்தது. கொழுந்து பறித்தவள் பெண். சோறு சமைத்தவள் பெண். அவளது சம்பளத்தைப் பெரும்பாலும் கணவனே பெற்றுச் சென்றான். சமையற்கட்டில் எதனை எவ்வளவு இடுவதென்பதை அவள் தீர்மானித்தாள் எனினும், அதற்கான காசு அவளது கையில் இருக்கவில்லை.

இங்கிலாந்தின் மீன்பொரியற் கடையோடு மீண்டும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். லங்காஷயர் ஆலைத் தொழிலாளியும் சுரண்டப்பட்டவனே. எனினும் வாரந்தோறும் காசாகக் கூலி பெற்றான். தான் விரும்பிய கடையில் விரும்பியதை வாங்கினான். தெருவில் இரு கடைகள் போட்டியிட்டன. நல்ல மீன் எங்கே கிடைக்குமெனத் தேடும் உரிமை அவனுக்கு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அரிசியை நிர்வாகமும் கறியைக் கடனும் தெரிவு செய்தன. அவனது வீடு நகரத் தெருவில் இல்லை. பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தில் நின்றாக வேண்டிய லயத்தில் இருந்தது. தோட்டத்தின் எல்லைக்குள் வியாபாரி நுழைவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். இந்நிலையில் பச்சைமீன் வியாபாரி ஒருவன் பனிக்கட்டிப் பெட்டியோடு மலையேறி வருவதற்கு என்ன தூண்டுதல் இருந்திருக்கும்? சந்தை இல்லாத இடத்துக்குப் புகையிரதம் மீனைக் கொண்டுசெல்லாது. அது தேயிலையைக் கீழே இறக்கிற்று. அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றிற்று.

இவ்வளவும் கூறியபின், கருவாட்டை வறுமையின் சின்னமாக மட்டும் கருதிவிடுதலும் தகாது. மலையகப் பெண்கள் அதனை ஒரு சமையற்கலையாகவே வளர்த்தனர். மழையும் மூடுபனியும் ஓயாத மலையில் கருவாடு விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அடுப்புக்கு நேர் மேலே, புகை படுமிடத்தில் அதனைக் கட்டித் தொங்கவிட்டனர். சீலா, பாரை, கட்டா, சுறா என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பக்குவம் உண்டு. சுறாக் கருவாடு புளியோடு சேரும். நெத்தலி வெங்காயத்தோடு பிரட்டலாகும். உப்பு மிகுந்த துண்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த உப்புநீரைக் கொட்டாமல் மரக்கறியில் சேர்த்த சிக்கனமும் இருந்தது. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருங்கிய உணவு கருவாடும் உருளைக்கிழங்கும் இட்ட குழம்பே. பேக்கர் காலத்தில் துரைமாரின் தோட்டத்தில் தொடங்கிய கிழங்கு லயத்தின் காய்கறித் துண்டு நிலங்களுக்கும் இறங்கிவந்து கடற்கரையின் கருவாட்டோடு ஒரே சட்டியிற் சேர்ந்தது. மீனும் கிழங்கும் என்ற ஆங்கில உணவின் மலையக வடிவம் எது எனக் கேட்போருக்கு, நுவரெலியா விடுதிகளின் உணவுப் பட்டியலைக் காட்டிலும் இக்குழம்புச் சட்டியையே காட்டலாம்.

சுதந்திரத்தின் பின்னர் நேர்ந்தவை வேறொரு வகையின. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடந்து திருப்பி அனுப்ப வழிவகுத்தது. அரசியல் உரிமை இழந்த சமூகம் விலைவாசியை எதிர்த்துக் குரலெழுப்பும் ஆற்றலையும் இழக்கின்றது என்பதற்கு 1970களின் முற்பகுதி சான்றாகும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் உணவு இறக்குமதி சுருங்கியது. இறக்குமதிக் கருவாடும் மாசியும் அருகின. 1973 இல் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. கிராமத்து விவசாயிக்குச் சிறிதளவேனும் நிலம் இருந்தது. லயத்தில் வாழ்ந்தோருக்கு அதுவும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு கிடைத்தவர்கள் அதனை உண்டனர். கிடைக்காதோர் தோட்டங்களை விட்டு நகர வீதிகளிற் கையேந்தினர். 1974 இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்தது. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாக்கப்பட்ட அதே காலப்பகுதியிலேயே இப்பட்டினி நிகழ்ந்தது. உடைமை மாற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிடுகையில், அப்பட்டினியைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே.

வேடிக்கை என்னவெனில், உருளைக்கிழங்குக்கு அதே கொள்கை நற்காலமாக அமைந்தது. 1960களின் பிற்பகுதியில் கிழங்கு இறக்குமதி தடை செய்யப்பட்டதும் நுவரெலியாவின் காய்கறிச் செய்கையாளர் செழித்தனர். 1996 இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது அவர்களும் வீழ்ச்சி கண்டனர். ஒரே சட்டியிற் சேரும் இரு பொருட்களில் ஒன்று இறக்குமதி நின்றமையால் மறைந்தது; மற்றொன்று அதனாலேயே வளர்ந்தது.

மலையிலேயே மீன் வளர்க்கும் எண்ணம் துரைமாரோடு முடிந்துவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா தாழ்நிலக் குளங்களை நிரப்பியது. 1960களில் நீர்மின் திட்டங்களுக்காகக் காசல்றீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டதும் ஹற்றன், மஸ்கெலியா மக்களின் கண்ணெதிரே பெரிய நீர்ப்பரப்புகள் தோன்றின. பழைய மஸ்கெலியா ஊரே நீரில் அமிழ்ந்தது. அந்நீரில் வளர்ந்த மீன்கள் அயல் தோட்டங்களுக்குப் பச்சைமீனை முதன்முறையாக எட்டும் விலைக்குக் கொண்டுவரக்கூடிய வாய்ப்பை அளித்தன. எனினும் 1990 இல் அன்றைய அரசாங்கம் சமய நோக்கினால் உள்நாட்டு நன்னீர் மீன்வளர்ப்புக்கான ஆதரவை நிறுத்தியது. அது மீண்டும் தொடங்கப்பட்டது 1994 இலேயே. உயிர்க்கொலை தவிர்த்தல் உயரிய அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடல்மீன்பிடிக்கு விதிக்கப்படாத அவ்வறம் குளத்துமீனுக்கு மாத்திரம் விதிக்கப்பட்டபோது அதன் சுமை கடலுக்குத் தொலைவில் வாழ்ந்த ஏழைகளின் மீதே விழுந்தது.

இதனிடையே கருவாட்டுக்குப் போட்டியாக டின்மீன் வந்தது. கூட்டுறவுக் கடைகளிலும் பின்னர் நகரின் எல்லாக் கடைகளிலும் அது அடுக்கப்பட்டது. கெடாமை, கடனுக்குக் கிடைத்தல், சிறிதை வைத்துப் பலருக்குப் பரிமாறக்கூடியமை ஆகிய கருவாட்டின் பண்புகள் யாவும் அதற்கும் பொருந்தின. விருந்தினர் திடீரென வந்தால் டின்மீன் உடைத்தல் மலையக வீடுகளின் உபசாரமாயிற்று.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் குன்றியோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 31.7 வீதமாகக் காணப்பட்டனர். புரதக் குறைவு இதற்குரிய காரணங்களில் ஒன்று மட்டுமே. தாயின் நிறை, நீர், மலசலகூட வசதி, தாய் வேலைக்குச் செல்லும் நேரம் ஆகிய பலவும் சேர்ந்தே ஒரு குழந்தையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. எனினும் நூற்றைம்பது ஆண்டுகள் சோற்றுக்கு உப்பாக மட்டுமே மீன் எட்டிய ஒரு சமூகத்தில் இவ்வெண் தோன்றியமை தற்செயலன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நெத்தலியின் விலையும் ஏறியபோது, அந்த உப்பும் பல வீடுகளிற் குறைந்தது.

வீதிகள் செப்பனிடப்பட்டபின் இந்நிலை சிறிது மாறிவருகின்றது. கடற்கரைகளிலிருந்து புறப்படும் பனிக்கட்டி லொறிகள் ஹற்றன் சந்தையை அடைகின்றன. சிறு வியாபாரிகள் மீனை மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் ஏற்றி லயங்கள் வரை கொண்டுசெல்கின்றனர். ஏப்ரல் மாதப் பருவகாலத்தில் நுவரெலியாவுக்கு வரும் கொழும்பு வாசிகளுக்கு, பழைய கழகங்களிலும் விடுதிகளிலும் பொரித்த மீனும் கிழங்கும் வெள்ளைத் துணி விரித்த மேசைகளிற் பரிமாறப்படுகின்றன. லயத்துக்குச் செல்லும் வியாபாரிக்கு வேறொரு நாட்காட்டி உண்டு. சம்பளநாளை அடுத்து வரும் நாட்களிற் சூரையும் சாளையும் அவனது பெட்டியில் இருக்கும். மாத இறுதியில் அதே பெட்டியிற் கருவாடும் நெத்தலியும் இருக்கும், பற்றுக்கொப்பியும் கூடவே இருக்கும்.